பழைய டெஸ்க்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டால் வேகம் கூடுமா, புதியதே வாங்கிவிடலாமா?

கூடும். எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்கின் வேலையைச் சிப்களைக் கொண்டு செய்யும் சேமிப்பு டிரைவ். உங்களிடமும் யாரோ ஒரு கடைக்காரர், "பழைய மாடல் சார், இதற்குச் செலவு செய்வது வீண்" என்று சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். புதுச்சேரியில் ஒரு கடையில் எனக்கும் அதையேதான் சொன்னார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தபடியே சில கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்த்துக் கொடுப்பவன் நான்; சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்து வந்தாலும் என் கணினி தயாராகியிருக்காது. ஆனால் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் சும்மாதான் இருந்தது. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தை விட்டு இறங்கவேயில்லை.

ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 முறை சுழன்றாலும், கேட்ட தகவல் உள்ள இடம் அதைப் படிக்கும் ஹெட்டுக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக 4 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. ஹெட் நகரும் நேரத்தையும் சேர்த்தால் அது பத்தைத் தாண்டும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை இப்படித்தான் தேடி எடுக்கிறது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் அதே தேடல் ஏறத்தாழ 0.1 மில்லி விநாடியில் முடிந்துவிடும். பழைய மதர்போர்டில், டிஸ்க்கை இணைக்கும் சாட்டாவின் வேகம் குறைந்த பழைய வகையான சாட்டா 2தான் இருக்கும், முழு வேகம் கிடைக்காது என்று வாதிடப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: விநாடிக்கு 550 எம்பிக்குப் பதில் அதில் பாதியே வந்தாலும், அன்றாட வேலையில் நாம் உணரும் வித்தியாசம் இந்தத் தேடல் நேரம் குறைவதால் வருவது.

என் போர்டில் சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் இல்லாததால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே வாங்கினேன். கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டேட்டா கேபிளையும் பவர் கேபிளையும் செருகினால் வேலை முடிந்தது. இரண்டின் வாயும் எல் வடிவில் இருப்பதால் தலைகீழாக நுழையாது. விண்டோஸைப் புதிதாகப் போட்டு, பழைய டிஸ்க்கை டி டிரைவாக வைத்துக்கொண்டேன்.

அதை வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. உள்ளூரில் இன்னொரு கடையில், பழைய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு விலையைக் குறைப்பதாகச் சொன்னார்கள். பத்துப் பேருடைய வரவு செலவு உள்ள டிஸ்க்கை, மேலோட்டமாக அழிக்கும் குவிக் ஃபார்மேட் செய்தாலும் கோப்புகளை மீட்டுவிடலாம் என்று தெரிந்தவரிடமே எப்படிக் கொடுப்பது? எல்லாக் கடைக்காரர்களையும் குறை சொல்லவில்லை. கேட்டால் கொடுத்துவிடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

எஸ்எஸ்டி போட்டதால் இணையம் வேகமாகாது. 4 ஜிபி ரேமும் பிரவுசரில் நிறைய டேப் திறந்தால் திணறத்தான் செய்யும். மேலும், கெடுவதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைப் போல் சத்தம் எழுப்பி எஸ்எஸ்டி எச்சரிக்காது என்பதால் பேக்கப் அவசியம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. உங்களுடையது எந்தத் தலைமுறை என்று குறிப்பிட்டால், விண்டோஸா லினக்ஸா எது பொருந்தும் என்று சொல்கிறேன்.