மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுன் நகர மையத்துக்கு மீண்டும் உயிர் வர, பொதுப் போக்குவரத்தை மேம்படுத்தினாலே போதுமா?

போதாது. அது இல்லாமலும் ஆகாது. ஏன் என்று சொல்ல என் வீட்டுக் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் பிறந்தது லெபு பாசாரில், ஒரு கடைவீட்டின் மாடியில். நம்மவர்கள் அதைக் கடைத்தெரு என்றுதான் அழைத்தார்கள். என் அப்பாவின் வாயில் இன்றும் வேறு பெயர் வராது. கீழே மளிகைக் கடை, மேலே நான்கு குடித்தனங்கள். மரப்படியில் இறங்கினால் ஐந்தடி எனப்படும் கூரையிட்ட நடைபாதை, அங்கே பூக்கட்டும் பெண்கள். சிறிது தூரம் நடந்தால் லெபு குயினில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். தைப்பூசத்துக்கு லெபு பினாங்கின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படும்போது, குளித்த ஈரம் காயாமலே ஓடிப்போய் நிற்போம். வேலை, கோயில், சந்தை எல்லாம் நடை தூரத்தில் இருந்ததால் பஸ் வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு வந்ததில்லை.

அந்த வாழ்க்கையைத் தாங்கியது ஒரு சட்டம். 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை ஏற்றவிடாமல் வைத்திருந்த 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. எங்கள் வீட்டு உரிமையாளர் கேட்ட புது வாடகை அப்பாவின் மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அவர் பக்கத்து நியாயத்தையும் நான் மறைக்கக் கூடாது: பழைய வாடகையில் கூரை ஓடு மாற்றக்கூட அவருக்குக் கட்டாது. ஆனாலும் நான்கு குடித்தனமும் ஒரே ஆண்டில் கலைந்தன. ஒரு குடும்பம் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்கு, இன்னொன்று பாயான் பாருவுக்கு, மூன்றாவது கூலிமுக்கு. நாங்கள் கடல் தாண்டிப் பட்டர்வொர்த்துக்குப் போனோம்.

2008-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. பல கட்டடங்கள் இடிபடாமல் பிழைத்தன. அதற்கு நான் உண்மையாகவே நன்றியோடு இருக்கிறேன். ஆனால் ஓட்டுக்கூரைக்குக் கீழே மீண்டும் வந்தவை விடுதிகளும் காப்பிக் கடைகளும்தான். குடித்தனங்கள் திரும்பவில்லை.

அப்பா மட்டும் தினமும் திரும்பினார், பெரி என்று நாங்கள் சொல்லும் பயணப் படகில். அப்போது பட்டர்வொர்த் பக்கம் ஏறும்போது 1 வெள்ளி (ரிங்கிட்) 20 சென். தீவிலிருந்து திரும்பும்போது கட்டணமே கிடையாது. மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு நின்றால் அன்றைய அலுப்பு பாதி கரைந்துவிடும் என்பார். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கடை அடைக்கப் பத்து மணியைத் தாண்டும். சில இரவுகளில் கடைசிப் படகைத் தவறவிட்டு, அரிசி மூட்டைகளுக்கு நடுவே அட்டையை விரித்துப் படுத்திருக்கிறார். மறுநாள் காலை சட்டை மாற்ற வீடு வரும்போது அம்மா எதுவும் கேட்க மாட்டார்.

அந்தப் பழைய பெரிகள் கார்களை ஏற்றிச் செல்வது 2020 இறுதியோடு நின்றது. 2023 ஆகஸ்டிலிருந்து நான்கு புதுப் படகுகள் பயணிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றுகின்றன. பட்டர்வொர்த்தில் ரயிலையும் பஸ்ஸையும் பெரியையும் இணைக்கும் பினாங்கு சென்ட்ரல் 2018-இல் திறந்தது. தீவில் 2007 முதல் ரேபிட் பினாங்கு பஸ்கள் ஓடுகின்றன. துறைமுக முனையிலிருந்து கொம்தார் கோபுரம் வரை பழைய நகரைச் சுற்றும் இலவசப் பஸ்ஸும் உண்டு. இவையெல்லாம் நல்ல மாற்றங்கள், குறை சொல்ல மனம் வரவில்லை. இந்த நகரில் 1906-இலேயே மின்சார டிராம் ஓடியது. பின்னால் வந்த டிராலி பஸ்கள் 1961-இல் நின்றன. 1985-இல் பாலம் வந்தது, அதன் வழியே கார்கள் வந்தன. கையில் இருந்ததை விட்டுவிட்டு இப்போது மறுபடியும் தேடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

எல்ஆர்டி என்னும் இலகு ரயில் பற்றியும் கேட்பீர்கள். 2025 ஜனவரியில் பணி தொடங்கிய முத்தியாரா தடம் 29.5 கிலோமீட்டர், தெற்கே கடலில் மண் நிரப்பி உருவாக்கும் சிலிக்கான் தீவிலிருந்து கொம்தாருக்கும், அங்கிருந்து கடல் தாண்டிப் பினாங்கு சென்ட்ரலுக்கும் வரும். நான் அதை மனமார வரவேற்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் போகும் பிள்ளைகளுக்காகவே அது வேண்டும். ஆனால் கொம்தாரில் இறங்கிக் கடைத்தெருவுக்கு வெயிலில் நடக்கும் தூரம், வயதானவர்களுக்குக் குறைந்த தூரமல்ல. ரயில் வந்து நிற்கும் நேரத்துக்குச் சிறு பஸ் காத்திருக்க வேண்டும். கடைகள் அடைத்து ஒரு மணி நேரம் கழித்தே கடைசிப் பஸ்ஸும் கடைசிப் படகும் புறப்பட வேண்டும். பூட்டிக் கிடக்கும் மாடிகளில் ஒரு பகுதியையாவது அங்கே வேலை செய்பவர்களுக்குத் தாங்கக்கூடிய வாடகைக்கு விட, மாநில அரசு உரிமையாளர்களின் பழுதுபார்ப்புச் செலவில் பங்கேற்க வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடு இல்லாமல் மற்றவை பாதி வேலைதான்.

சென்ற தீபாவளிக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். எங்கள் பழைய வீட்டின் கீழே இப்போது துணிக்கடை. மாடிச் சன்னல்கள் சாத்தியிருந்தன. அப்பா மேலேயே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு சேலை மடித்துக்கொண்டிருந்த பையனிடம், "எங்கே தம்பி வீடு?" என்று கேட்டார்.

"அக்கரையில், பிறையில், ஐயா."

"எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வாய்?"

"பதினொன்றரை ஆகும். பெரி கிடைத்தால்."