நம்பை அணிகளில் துண்டெடுத்தலும் நகலெடுத்தலும்: கேள்வி பதில்

பல பரிமாண அணிகளிலிருந்து ஒரு பகுதியை எடுப்பது குறித்து வந்த கேள்விகளுக்குப் எண் அணிகளைக் கையாளும் பைத்தானின் நம்பை (NumPy) நூலகத்தை முன்வைத்துப் பதில் எழுதுகிறேன். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிட்டுள்ளேன்.

கேள்வி (முதலாண்டு ஆய்வு மாணவர்): வணக்கம் ஐயா. 1000 × 1000 அளவுள்ள அணியில் துண்டு = அணி[2:5, :] என மூன்று நிரைகளை எடுத்து, அந்தத் துண்டில் பூச்சியத்தை நிரப்பினேன். மூல அணியும் மாறிவிட்டது. இது நம்பையின் பிழையா?

பதில்: பிழையன்று, அதன் அடிப்படை வடிவமைப்பே அதுதான். முக்காற்புள்ளியிட்டு எடுக்கும்போது எண்கள் நகலெடுக்கப்படுவதில்லை. தொடக்க முகவரி, வடிவம், ஒவ்வொரு பரிமாணத்திலும் அடுத்த உறுப்புக்கு எத்தனை பைட் தாண்ட வேண்டும் என்னும் ஸ்ட்ரைட் ஆகியவற்றை மட்டும் வைத்திருக்கும் ஒரு சிறிய தலைப்பு புதிதாக உருவாகிறது. உங்கள் உறுப்புகள் 8 பைட் ஃப்ளோட் எண்கள் என்றால், ஒரு நிரையிலிருந்து அடுத்ததற்கு 8000 பைட்; ஆகவே துண்டு, மூல அணியின் தொடக்கத்திலிருந்து 16,000 பைட் தள்ளித் தொடங்குகிறது, அவ்வளவுதான். இதை வியூ என்கிறோம். தனி நகல் வேண்டுமென்றால் அணி[2:5, :].காப்பி() என்று எழுதுங்கள் (காப்பி என்பதை copy என ஆங்கிலத்தில் தட்டச்சிடுங்கள்). ஒரு துண்டில் எழுதுவதற்கு முன் அந்த நினைவகம் யாருடையது என்று கேளுங்கள். ஐயமிருந்தால் ஷேர்ஸ்_மெமரி (shares_memory) என்னும் செயற்கூறு விடை சொல்லும்.

கேள்வி: அணி[[0, 2], [1, 3]] என்றால் 2 × 2 பகுதி கிடைக்க வேண்டாமா? இரண்டே எண்கள் வருகின்றன.

பதில்: இரண்டு பட்டியல்களும் இணை இணையாகப் பொருத்தப்படுவதால் (0, 1), (2, 3) ஆகிய இடங்களின் உறுப்புகள் மட்டும் வரும். அந்த நிரைகளும் நிரல்களும் சந்திக்கும் 2 × 2 பகுதி வேண்டுமென்றால் ஐஎக்ஸ்_ (ix_) செயற்கூற்றைப் பயன்படுத்துங்கள். பட்டியலிட்டு எடுப்பது எப்போதும் நகல், வியூ அன்று.

கேள்வி (வானிலை ஆய்வு மாணவி): ஐயா, ஈஆர்ஏ5 (ERA5) என்னும் உலகளாவிய வானிலைத் தரவில் ஓராண்டின் மணிவாரி வெப்பநிலையை 64 ஜிபி ரேம் உள்ள சர்வரில் ஏற்றி, தொடர் = வெப்பம்[:, 300, 800] என ஒரு புள்ளியின் தொடரை எடுத்துவிட்டு, டெல் (del) கட்டளை கொண்டு மூல அணியை நீக்கினேன். ரேம் சிறிதும் குறையவில்லை.

பதில்: இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். கால் பாகை இடைவெளியில் ஒரு மணி நேரத்துக்கு 721 × 1440 புள்ளிகள்; 4 பைட் எண்களாக வைத்தால் 41,52,960 பைட். ஆண்டின் 8760 மணி நேரத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 36 ஜிபி. உங்கள் தொடருக்குத் தேவையானது வெறும் 35,040 பைட். ஆனால் அந்தத் தொடர் ஒரு வியூ என்பதால், தன் மூலத்தைச் சுட்டும் பேஸ் (base) பண்பின் வழியாக மூல அணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டெல் நீக்குவது பெயரை மட்டுமே. பிடித்திருக்கும் கை ஒன்று மிச்சமிருக்கும் வரை 36 ஜிபியும் நினைவகத்தில் கிடக்கும். எடுக்கும் வரியிலேயே .காப்பி() சேர்த்து, மூலத்துக்கு வேறு பெயர் எதுவும் இல்லாமலும் பார்த்துக்கொண்டால் சிக்கல் தீரும்.

நகலெடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. வியூவில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கிடையே 41 லட்சம் பைட்டுக்கு மேல் தொலைவு இருப்பதால், 4 பைட்டைப் படிக்க ஒவ்வொரு முறையும் பிராசஸர் வழக்கமாக 64 பைட் கொண்ட கேஷ் வரியை (தன் விரைவு நினைவகத்துக்கு ஒரே தடவையில் கொண்டுவரும் தொகுதியை) முழுதாக இழுத்து வருகிறது. தொடரைப் பலமுறை கணக்கிடப் போகிறீர்கள் என்றால், ஒருமுறை நகலெடுக்கும் செலவு விரைவிலேயே ஈடாகிவிடும்.

கேள்வி: செயற்கூற்றுக்கு ஒரு துண்டை அனுப்பினேன், வெளியே இருந்த அணியும் மாறிவிட்டது. ஏன்?

பதில்: முதல் கேள்வியின் பதிலைப் படிக்கவும்.

கேள்வி (மேட்லேப் பயன்படுத்தும் பொறியாளர்): மேட்லேபில் துண்டெடுத்தால் நகல், ஜூலியாவிலும் அப்படியே. அட்டவணைத் தரவுக்கான பைத்தான் நூலகமான பாண்டாஸ்கூட 3.0 பதிப்பில் எழுதும்போது நகலெடுக்கும் முறைக்கு வந்துவிட்டது. நம்பை மட்டும் ஏன் பிடிவாதம் பிடிக்கிறது?

பதில்: 2006இல் 1.0 பதிப்பு வருவதற்கு முன்பே, அதன் முன்னோடியான நியூமெரிக்கில் இந்த வழக்கம் இருந்தது. வெப்பப் பரவல் கணக்கில் உள்புள்ளி ஒவ்வொன்றுக்கும் நான்கு அண்டைப் புள்ளிகளின் சராசரியை இடும்போது வலப்பக்கத்தில் நான்கு துண்டுகள் வரும். ஜூலியாவில் அவை நான்கும் நகலாகும். அதைத் தவிர்க்கவே வியூஸ் என்னும் மேக்ரோவை அந்த மொழி தனியே தருகிறது.

அதே பொறியாளர்: கூட்டும்போது நம்பையும் இடைக்கால அணிகளை உருவாக்கத்தானே செய்கிறது? இடப்பக்கம் எழுதுவதற்கோ எந்த மொழியிலும் வியூ தேவையில்லை.

பதில்: இரண்டும் நியாயமான மறுப்புகள், ஆகவே வலுவான சான்றைத் தருகிறேன். பெரிய அணியின் ஒரு பகுதியை இன்னொரு செயற்கூற்றிடம் கொடுத்து நிரப்பச் சொல்லும்போதுதான் வியூவின் அருமை தெரியும். 1992இல் வெளிவந்த, நேரியல் இயற்கணிதக் கணக்குகளுக்கான லேபேக் (LAPACK) நூலகத்தின் செயற்கூறுகள், அணியின் அளவோடு முன்னணிப் பரிமாணம் (அடுத்த நிரலுக்கு எத்தனை உறுப்பு தாண்ட வேண்டும்) என்று தனியாக ஒரு எண்ணையும் கேட்கின்றன. நகலெடுக்காமல் உட்பகுதியை அப்படியே ஒப்படைப்பதற்கான ஏற்பாடு அது. அணியைப் பகுதி பகுதியாகக் காரணிப்படுத்தும் முறை முழுவதும் அதை நம்பியே நிற்கிறது. நம்பையின் ஸ்ட்ரைட், அதே எண்ணத்தை எல்லாப் பரிமாணங்களுக்கும் விரித்தது. பாண்டாஸ் அட்டவணைகளுக்கானது; அதன் பயனர்களுக்கு அது எடுத்த முடிவு சரியே.

இன்னொருவர்: அப்படியானால் பாதுகாப்பு?

பதில்: எழுத அனுமதி உண்டா என்று குறிக்கும், வியூவின் ரைட்டபிள் (writeable) கொடியை அணைத்துவிட்டுக் கொடுங்கள். அதன் வழியே யாராவது எழுத முயன்றால் பிழை எழும், நகலும் தேவைப்படாது.

கேள்வி: அணி[தேர்வு][0] = 5 என்று எழுதினால் எதுவும் மாறவில்லை. தேர்வு என்பது உண்மை–பொய் அணி.

பதில்: முதல் அடைப்பு புதிய நகலை உருவாக்குகிறது, 5 அதில் எழுதப்பட்டு, நகல் உடனே கைவிடப்படுகிறது. அணி[தேர்வு] = 5 என ஒரே அடைப்பில் எழுதினால் அது மூலத்திலேயே எழுதும். அணி[2:5][0] = 5 மட்டும் வேலை செய்துவிடுவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். நினைவகம் யாருடையது என்று இங்கேயும் கேட்க வேண்டும்.

கேள்வி: துண்டை மாற்றினால் மூலமும் மாறுகிறது, என்ன செய்வது?

பதில்: மூன்றாம் முறையாக வரும் கேள்வி. காப்பி().

கேள்வி: எக்செல் தாளில் ஒரு பகுதியை நகலெடுப்பது எப்படி?

பதில்: எக்செல் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: வட்டிலுள்ள ஹெச்டிஎஃப்5 (HDF5) தரவுக் கோப்புகளைக் கையாளும் ஹெச்5பை (h5py) நூலகம் கொண்டு திறந்த கோப்பில் தரவு[0][1] = 5 என்று எழுதினேன். பிழை எதுவும் வரவில்லை, கோப்பும் மாறவில்லை.

பதில்: தரவு[0] என்றதும் வட்டிலிருந்து அந்தப் பகுதி படிக்கப்பட்டு, ரேமில் தனி நம்பை அணியாகிவிடுகிறது; நீங்கள் எழுதியது அதில். வட்டில் இருப்பதற்கு வியூ கிடையாது, முக்காற்புள்ளியிட்டாலும் நகல்தான். தரவு[0, 1] = 5 என்று எழுதுங்கள்.