செயற்கை வால்வும் ரத்தத்தில் குமிழியும்: கேள்வி பதில்

செல்வி: அம்மாவுக்கு மைட்ரல் வால்வை (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) மாற்றி மெக்கானிக்கல் வால்வு வைத்திருக்கிறார்கள். ராத்திரி அமைதியில் ‘டிக் டிக்’ என்று கேட்கிறது. ரத்தத்தில் ஆவிக்குமிழி தோன்றி நொறுங்குவதைக் கேவிட்டேஷன் என்று படித்தேனே, அதுதானா சார்?

இல்லைங்க. அது வால்வின் தகடு சட்டத்தில் முட்டும் சத்தம். கேவிட்டேஷனை ஆய்வகத்தில் அளக்கும்போது 35 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள அதிர்வைத்தான் பிரித்துப் பார்ப்பார்கள்; அது நம் காதுக்கு எட்டாது. அம்மாவுக்கு டிக் சத்தம் கேட்கிறவரை நல்லது. திடீரென்று மங்கினால்தான் கவலை: ரத்தக்கட்டு இருக்கலாம், உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

முருகேசன்: உடம்பு வெறும் 37 டிகிரி. ரத்தத்தில் ஆவிக்குமிழி எப்படி வரும்?

சூடு ஏறாவிட்டாலும் அழுத்தம் இறங்கினால் போதும். 37 டிகிரியில் தண்ணீர் ஆவியாக, சுற்றியுள்ள அழுத்தம் சுமார் 47 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு இறங்க வேண்டும். ரத்தத்துக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். நம்மைச் சுற்றியுள்ள காற்றே 760. அவ்வளவு இறக்கம் இதயத்துக்குள் எங்கே நடக்கிறது? தகடு மூடும் கடைசிக் கணத்தில். இடுக்கில் மாட்டிய ரத்தம் பீய்ச்சியடித்து வெளியேறும். தகடு சட்டென்று நின்றுவிடும். அதன் பின்னால் வந்த ரத்தம் நிற்காமல் விலகிப் போகப் பார்க்கும். அங்கே ஒரு நொடி வெற்றிடம் மாதிரி. நொடி என்பதுகூட அதிகம், ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் குமிழி பிறந்து நொறுங்கிவிடும். நொறுங்கும்போது ஊசிமாதிரி ஒரு பீய்ச்சல் தகட்டைக் குத்தும். காற்று வாங்காமலே மோட்டார் பம்பு கூழாங்கல் உருட்டுவதுபோலக் கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே சுழலும் சக்கரத்தில் (இம்பெல்லர்) குழி குழியாக இருக்கும். அதே கதைதான்.

இடது கீழறையில் அழுத்தம் வெகுவேகமாக ஏறுவதால் மைட்ரல் இடத்தில்தான் இது கடுமை.

ரஹீம்: அதனால் வால்வு உடைந்தது உண்டா?

எட்வர்ட்ஸ்-டியூரோமெடிக்ஸ் வால்வில் சிலருக்குத் தகடு உடைந்து கழன்றது. உடைந்த பைரோலிட்டிக் கார்பன் (வால்வுக்குப் பயன்படும் கெட்டியான கார்பன்) தகடுகளில் கேவிட்டேஷன் குழிகள் தெரிந்தன. 1988இல் விற்பனையை நிறுத்தினார்கள். குழி மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாளைக்கு ஒரு லட்சம் தடவை மூடும் கார்பன் தகட்டில் சின்னக் குழியும் விரிசலுக்கு வாசல்.

கணேஷ்: நம்ம சித்ரா வால்வு எப்படி?

திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனம் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலில் பொருத்தியது. அதன் வட்டு கார்பன் அல்ல, பாலிஎத்திலீன். கொஞ்சம் மெத்தென்று மோதும். மோதல் மெத்தென்றானால் குமிழிக்கு வாய்ப்பும் குறையும்.

செல்வி: அப்போ குமிழிக்காகத்தான் அசிட்ரோம் மாத்திரை தருகிறார்களா?

இல்லைங்க, வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க. மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையையும்.