பைக் திருடியவர் மேல் ஏற்கெனவே நான்கு வழக்கு: தண்டனை கூடுமா?

கேள்வி: வாசலில் பூட்டி நிறுத்தியிருந்த என் பைக் போன மாதம் திருடு போனது. மூன்று வாரத்தில் ஆளைப் பிடித்துவிட்டார்கள். நம்பர் பிளேட்டை மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தாராம். இதே மாதிரி நான்கு வழக்கு அவர் மேல் இருக்கிறது, ஒன்றில் ஆறு மாதம் உள்ளே இருந்தவர் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். இப்போது அவருடைய அம்மா வீட்டுக்கு வந்து, "வண்டிதான் கிடைச்சிடுச்சே, ராஜியாப் போயிடலாம் தம்பி" என்று அழுகிறார். திரும்பத் திரும்பத் திருடுகிறவருக்குத் தண்டனை அதிகம் என்கிறார்களே, உண்மையா? நான் ராஜிக்குச் சம்மதிக்கலாமா?

பதில்: உண்மைதான். ஆனால் அது நான்கு வழக்கு என்ற எண்ணிக்கையால் வருவதில்லை. அந்த நான்கில் எத்தனை தண்டனையில் முடிந்தன என்பதைத்தான் கோர்ட் பார்க்கும். "ஆறு மாதம் உள்ளே இருந்தார்" என்றார்களே, அது தீர்ப்பு சொல்லிக் கொடுத்த தண்டனையா, ஜாமீன் கிடைக்காமல் ரிமாண்டில் கழிந்த காலமா? உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது.

1.7.2024 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய 379-ஆம் பிரிவில் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று வருடம், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய 303(2)-லும் முதல் தடவைக்கு அதேதான். இரண்டாவது முறை தண்டிக்கப்பட்டால் குறைந்தது ஒரு வருடக் கடுங்காவல், ஐந்து வருடம் வரை போகலாம், அபராதமும் கட்டாயம். வெறும் அபராதத்தோடு விடும் வழி அடைபட்டுவிடுகிறது. இது போக 13-ஆம் பிரிவு, சொத்துக் குற்றங்களில் முன்தண்டனை பெற்றவருக்குப் பத்து வருடம், ஆயுள் வரைகூட இடம் தருகிறது. ஒரு பைக் வழக்கில் அவ்வளவு தூரம் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

303(2)-இல் ஒரு சிக்கல் உண்டு. "இந்தப் பிரிவின் கீழ்" இரண்டாவது தண்டனை என்றுதான் அதில் எழுதியிருக்கிறது. அவருடைய பழைய தண்டனை 379-இன் கீழ் என்றால், அது இதில் சேராது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் வாதாடுவார். அரசுத் தரப்பு அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

நான் கவலைப்படுவது இன்னொன்றைப் பற்றி. ஒரு வழக்கில் குற்றப்பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் "முன் வழக்குகள் உள்ளன" என்று ஒரே வரி எழுதியிருந்தார்கள். வழக்கு எண் இல்லை, கோர்ட் பெயர் இல்லை, தீர்ப்பு நகல் இல்லை. ஏற்கெனவே இரண்டு முறை தண்டிக்கப்பட்டவர், முதல் தடவை தப்பு செய்தவர் மாதிரியே தண்டனை வாங்கிக்கொண்டு போனார். வண்டியைப் பறிகொடுத்தவர் வராண்டாவில் என்னிடம், "அவ்வளவுதானா சார்?" என்று கேட்டார். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கூடுதல் தண்டனை கேட்பதென்றால் முன்தண்டனையின் தேதி, இடம், விவரம் எல்லாம் குற்றச்சாட்டில் இருக்க வேண்டும். விட்டுப்போனால் தண்டனை சொல்வதற்கு முன்னால்கூட கோர்ட் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே இப்போதே அரசு வக்கீலைப் பார்த்து, பழைய தீர்ப்பின் சான்றிட்ட நகலைத் தருவித்தாகிவிட்டதா என்று கேளுங்கள். அவருக்கு உதவியாக உங்கள் சார்பில் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளவும் கோர்ட் அனுமதி தரலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். தண்டனை குறைவு என்பதற்காக மட்டும் பாதிக்கப்பட்டவர் அப்பீல் போக முடியாது. அரசுதான் போக முடியும்.

அப்புறம், 111-ஆம் பிரிவைப் போட முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். ஒருங்கமைந்த குற்றப் பட்டியலில் வாகனத் திருட்டும் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு கும்பல் இருக்க வேண்டும், பத்து வருடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகளும் வேண்டும். தனி ஆளுக்கு அது பொருந்தாது.

ராஜி விஷயத்துக்கு வருவோம். சாதாரணத் திருட்டு வழக்கில் பொருளின் உரிமையாளர் ராஜியாகச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் முன்தண்டனையால் கூடுதல் தண்டனைக்கு உள்ளாகக்கூடியவர் என்றால், நீங்களே மனம் இரங்கினாலும் ராஜி செல்லாது. அந்த ஆறு மாதம் ரிமாண்டுதான் என்றால் முடிவு உங்கள் கையில். அப்போதும் நம்பர் பிளேட்டை மாற்றியதற்கு வேறு பிரிவுகள் சேர்த்திருக்கிறார்களா, அவை ராஜி ஆகக்கூடியவையா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுத் திண்ணையில் வைத்து எழுதிக்கொடுக்க வேண்டாம், பணமும் வாங்க வேண்டாம். எதுவானாலும் கோர்ட்டில் நடக்கட்டும்.

வண்டி ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நிற்கிறது என்றால், வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கைப்பற்றிய வாகனங்களை ஸ்டேஷனில் போட்டு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்களோடு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டால், பத்திரம் எழுதிக்கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம். எடுக்கும்போது ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு சேசிஸ் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். சுரண்டியிருந்தால் அங்கேயே எழுதி வாங்குங்கள்.

அந்த அம்மா மறுபடி வந்தால், கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். காவலில் இருக்கும் எவருக்கும் அங்கே இலவசமாக வக்கீல் கிடைப்பார்.