அந்த வராந்தாவில் நின்றவர்கள்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸின் யுவால்டி ஊரில், ராப் தொடக்கப்பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து குழந்தைகளையும் ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் அதே மாநிலத்தின் தலைநகரான ஆஸ்டினில் பதினோரு வருடங்களாக இருக்கிறேன். போன வருடம் குடியுரிமையும் கிடைத்தது. யுவால்டி இங்கிருந்து காரில் போகிற தூரம்தான்.

நீங்கள் துப்பாக்கிச் சட்டத்தைத்தான் குறை சொல்லியிருந்தீர்கள். என்னோடு வேலை பார்ப்பவர்கள் பலரும் வேறு மாதிரி சொல்கிறார்கள். 376 போலீஸ்காரர்கள் வந்தும் 77 நிமிடம் அவனை யாரும் தடுக்கவில்லை, இது போலீஸின் தோல்வி, துப்பாக்கி மேல் பழி போடுவது அரசியல் என்கிறார்கள். நம் ஊரில் அரிவாளால் வெட்டுகிறார்கள், அதற்காக அரிவாளைத் தடை செய்தோமா என்று நம் தமிழ் நண்பர் ஒருவரும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் விளக்கை அணைத்துவிட்டு மூலையில் சத்தமில்லாமல் உட்காரும் லாக்டவுன் பயிற்சி கொடுக்கிறார்கள். அது முடிந்து வீட்டுக்கு வந்தவன், "அப்பா, போலீஸ் வந்துருவாங்கதானே?" என்று கேட்டான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் ஒரு துப்பாக்கி வாங்கி வைக்கலாமா என்று யோசிக்கிறேன். மனைவி வேண்டாம் என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., ஆஸ்டின்

அன்புள்ள எஸ்.,

போலீஸைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வது உண்மை. நான் அதை இரண்டு வரியில் கடந்துபோயிருக்கக் கூடாது. இப்போது அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2022 மே 24. காலை 11:33க்கு அவன் பள்ளிக்குள் நுழைந்தான். மூன்றே நிமிடத்தில் முதல் போலீஸ்காரர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். 111, 112 என்று அடுத்தடுத்து இரண்டு வகுப்பறைகள். கதவை நெருங்கியதும் உள்ளேயிருந்து சுட்டான். இரண்டு அதிகாரிகளுக்கு லேசான காயம். எல்லாரும் பின்வாங்கி வராந்தாவின் கோடிக்குப் போனார்கள். அதன்பிறகு, எல்லைக் காவல் படையின் சிறப்புப் பிரிவு உள்ளே புகுந்து அவனைச் சுட்டபோது மணி 12:50.

இடையில் அவர்கள் சாவி தேடினார்கள், கேடயத்துக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் கதவு பூட்டியே இருந்திருக்காது என்று டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறையின் அப்போதைய இயக்குநர் ஸ்டீவ் மெக்ரா பிறகு மாநில செனட் கமிட்டியில் சொன்னார். கைப்பிடியைத் திருகிப் பார்க்கக்கூட யாரும் போகவில்லை. உள்ளேயிருந்து ஒரு சிறுமி அவசர உதவி எண்ணான 911க்கு போன் செய்து, போலீஸை அனுப்புங்கள் என்று மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள். குண்டடிபட்ட ஓர் ஆசிரியை, பள்ளிப் போலீஸில் (பள்ளிகளுக்கென்றே இருக்கும் தனிப் போலீஸ்) இருந்த தன் கணவருக்கு போன் செய்தார். அவர் ஓடிவந்து உள்ளே போகப் பார்த்தார். சக போலீஸ்காரர்களே அவருடைய துப்பாக்கியை வாங்கிக்கொண்டு அவரை வெளியே கூட்டிப்போனார்கள். அந்த ஆசிரியை பிழைக்கவில்லை. வெளியே பெற்றோர்கள் கதறிக்கொண்டு உள்ளே போக முயன்றபோது, அவர்களைப் பிடித்துத் தள்ளுவதற்கு மட்டும் போலீஸுக்குத் தயக்கம் இருக்கவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

பயிற்சி இல்லை என்றும் சொல்ல முடியாது. 1999இல் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் சுட்டபோது போலீஸ் வெளியே நின்று சிறப்புப் படைக்காகக் காத்திருந்தது. குண்டடிபட்ட ஓர் ஆசிரியர் மணிக்கணக்கில் ரத்தம் வடிந்து உள்ளேயே இறந்துபோனார். அதற்குப் பிறகு நாடு முழுக்க விதியை மாற்றினார்கள். முதலில் வருபவர் காத்திருக்கக் கூடாது, தனியாளாக இருந்தாலும் சுடுகிறவனை நோக்கிப் போக வேண்டும். இந்தப் பயிற்சியைக் கொடுக்கும் முக்கியமான மையம் உங்களுக்குப் பக்கத்தில்தான், சான் மார்க்கஸில் டெக்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. யுவால்டி பள்ளிப் போலீஸ் இரண்டு மாதத்துக்கு முன்புதான் இப்படியொரு பயிற்சியை நடத்தியிருந்தது. ஆனால் அன்று பொறுப்பில் இருந்திருக்க வேண்டிய பள்ளிப் போலீஸ் தலைவர் பீட் அரெடோண்டோ வாக்கி டாக்கி இல்லாமல் வந்தார். அறைக்குள் பதுங்கிவிட்ட ஆள், பேசி வெளியே கொண்டுவரலாம் என்ற கணக்கில் நடந்துகொண்டார். அவரை மட்டும் சொல்லியும் பயனில்லை. 376 பேரில் 91 பேர் மாநிலப் போலீஸ், 149 பேர் எல்லைக் காவல் படை. பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அவர்களில் ஒரு மேலதிகாரிகூட முன்வரவில்லை. முறைப்படி நடந்திருந்தால் சில உயிர்கள் பிழைத்திருக்கும் என்று 2024 ஜனவரியில் மத்திய நீதி அமைச்சகத்தின் விசாரணை அறிக்கை வந்தபோது அதன் தலைவரான அப்போதைய அட்டர்னி ஜெனரல் மெரிக் கார்லண்டே சொன்னார்.

சரி, அவர்கள் ஏன் நின்றார்கள்? உங்கள் நண்பர்களிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. அவர்களே விசாரணையில் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாக்குமூலங்களை 2023இல் டெக்சாஸ் ட்ரிப்யூன் செய்தித்தளம் வெளியிட்டது. உள்ளே இருப்பவன் கையில் ஏஆர்-15 வகை ரைஃபிள் (ராணுவ ரைஃபிளின் மாதிரியில் செய்தது) என்பது தெரிந்ததும் பயந்துவிட்டதாக ஒருவர் மாற்றி ஒருவர் சொல்கிறார்கள். தங்கள் சாதாரணக் கவச உடையை அந்தத் தோட்டா துளைத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். போலீஸின் தோல்வியும் துப்பாக்கியும் இரண்டு தனித்தனி விவாதங்கள் என்று பேசுபவர்களிடம் நான் இந்த வாக்குமூலங்களைத்தான் காட்டுவேன். பயந்ததை நான் மன்னிக்கவில்லை. குழந்தைகள் உள்ளே இருக்கும்போது அந்தப் பயத்தோடுதான் போயிருக்க வேண்டும், அதற்குத்தான் சீருடை. ஆனால் பயிற்சி பெற்ற ஆயுதப் போலீஸை ஒரு வராந்தாவின் கோடியிலேயே நிறுத்திவைத்த அந்த ஆயுதத்தைப் பதினெட்டு வயதுப் பையன் கடையில் சட்டப்படி வாங்கியிருந்தான். மே 16 அவனுக்குப் பிறந்தநாள். மறுநாள் ஒரு ரைஃபிள், இருபதாம் தேதி இன்னொன்று. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க மத்திய சட்டப்படி 21 வயதாக வேண்டும். ரைஃபிளுக்கு 18 போதும்.

ராய் கெரேரோ என்ற குழந்தை மருத்துவர் அதே ஊர்க்காரர், அதே பள்ளியில் படித்தவர். இரண்டு வாரம் கழித்து அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டி முன் அவர் பேசினார். இரண்டு குழந்தைகளின் உடல் இருந்த நிலையில், அவர்கள் போட்டிருந்த கார்ட்டூன் படச் சட்டைகளைத் தவிர அடையாளம் சொல்ல எதுவுமே இல்லை என்றார். அந்த ரைஃபிளின் வேகத்துக்கு ஒரு சிறு உடம்பு அவ்வளவுதான் தாங்கும். அறுவை சிகிச்சை நிபுணர்கள் தயாராக இருந்தும் என்ன செய்ய முடியும்?

போலீஸ் சரியாக நடந்துகொண்ட இடத்தையும் பார்ப்போம். 2023 மார்ச் 27, டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் கவனன்ட் பள்ளியில் துப்பாக்கிச்சூடு. வந்த போலீஸ்காரர்கள் நிற்கவில்லை. அறை அறையாகத் தேடி, சத்தம் வந்த மாடிக்கு ஏறினார்கள். முதல் அழைப்பு வந்து சுமார் பதினான்கு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் அவர்களுக்குத் தலைவணங்குவார்கள், நானும் வணங்குகிறேன். அப்படியும் ஆறு பேர் இறந்தார்கள். மூன்று பெரியவர்கள், மூன்று ஒன்பது வயதுக் குழந்தைகள். போலீஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும், முதல் குண்டுக்குப் பிறகுதானே வர முடியும்?

அரிவாள் கேள்வி. 2012 டிசம்பர் 14 அன்று சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒருவன் கத்தியோடு ஒரு கிராமத்துப் பள்ளிக்குள் புகுந்து 23 குழந்தைகளையும் ஒரு மூதாட்டியையும் வெட்டினான். யாரும் சாகவில்லை. அதே தேதியில் கனெக்டிகட்டின் சாண்டி ஹுக் பள்ளியில் ஒருவன் ரைஃபிளோடு நுழைந்தான். 20 குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் செத்தார்கள். கத்தியும் கொல்லும், மறுக்கவில்லை. ஆனால் கத்தியோடு வருபவன் ஒவ்வொருவரிடமாக நெருங்க வேண்டும். ஓடலாம், நாற்காலியை எறியலாம், நாலு பேர் சேர்ந்தால் பிடித்தும் விடலாம்.

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் எதிர்ப்பக்கம் என்றும் நினைக்காதீர்கள். யுவால்டி மான் வேட்டைக்குப் பேர்போன ஊர். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிலேயே துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கியையெல்லாம் பிடுங்குங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. இந்த வகை ரைஃபிள் வாங்கும் வயதை 21 ஆக்குங்கள் என்று கேட்க உங்கள் ஊர்ச் சட்டமன்றக் கட்டடத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். ஃப்ளோரிடாவில் 2018 பார்க்லேண்ட் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு மூன்றே வாரத்தில் இதைச் செய்தார்கள், கையெழுத்துப் போட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர். டெக்சாஸில் 2023 மே மாதம், ஆலன் வணிக வளாகத்தில் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்ட இரண்டாம் நாள், அந்த மசோதா கமிட்டியில் 8க்கு 5 என்று தேறியது. குடியரசுக் கட்சிக்காரர்கள் இரண்டு பேர்கூட ஆதரித்தார்கள். அப்புறம் சபையில் அது விவாதத்துக்கே வராமல் கெடு முடிந்துபோனது.

2025இல் யுவால்டியின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது, அந்த ஊரின் முன்னாள் மேயர் டான் மெக்லாக்லின் கொண்டுவந்தது. போலீஸ் பயிற்சி, யார் தலைமை ஏற்பது, எப்படி ஒருங்கிணைவது என்பவற்றுக்கான நல்ல சட்டம். அதே கூட்டத்தொடரில், ஆபத்தானவர் என்று தெரிந்தவரிடமிருந்து நீதிமன்றம் மூலம் தற்காலிகமாகத் துப்பாக்கியை வாங்கிவைக்கும் முறை டெக்சாஸில் வரவே கூடாது என்று இன்னொரு சட்டமும் போட்டார்கள். உங்கள் நண்பர்கள் சொல்லும் பாதியை மட்டும் மாநிலம் கேட்டுக்கொண்டது.

இனி உங்கள் வீட்டு விஷயம். உங்கள் மனைவி பக்கம்தான் நான். அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர், அதில் பாதிக்கு மேல் தற்கொலை. நீங்கள் பயப்படும் அந்நியன் உங்கள் வீட்டுக்கு வராமலே போகலாம். வாங்கும் துப்பாக்கி தினமும் வீட்டில்தான் இருக்கும், மகனும் வளர்வான். மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்ட் பள்ளியில் 2021இல் சுட்ட பதினைந்து வயதுப் பையனுக்குத் துப்பாக்கி கிடைத்தது அவன் அப்பா நான்கு நாள் முன்பு வாங்கியதிலிருந்து. அப்பா, அம்மா இருவருமே இப்போது சிறையில் இருக்கிறார்கள். மகன் விளையாடப் போகும் வீட்டிலும் கேளுங்கள்: துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா? சங்கடமாகத்தான் இருக்கும். பிள்ளைக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி சாதாரணமாகக் கேட்டுவிடுங்கள்.

மகன் கேட்டதற்கு, வருவார்கள் என்று சொல்லுங்கள். நாஷ்வில்லில் வந்தார்கள், அவனிடம் பொய் சொன்னதாகாது. உங்கள் சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் கூடுகிறது. அடுத்த முறை அந்த வயது மசோதா கமிட்டிக்கு வந்தால் ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போய்ப் பேசுங்கள். யுவால்டி பெற்றோர்கள் மூன்று மணி நேரம் காரோட்டி அங்கே வருகிறார்கள். உங்களுக்கு அது உள்ளூர்.