புராடக்ட் டிராப் என்றால் என்ன? லிமிடெட் எடிஷனும் அதுவும் ஒன்றா?

இந்தச் சொல்லால் ஒருமுறை வகையாக மாட்டிக்கொண்டவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்குகிறவருக்கும் தயாரிப்புப் பிரிவுக்கும் நடுவே ஆர்டரைக் கவனிக்கிறவனாக, சேர்ந்த முதல் வருடம் அது. எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து மெயில் வந்தது. அதில் ஒரு டி-ஷர்ட் ஸ்டைலுக்கு நேராக ‘டிராப் 3’ என்று போட்டிருந்தார்கள். நமக்குத் தெரிந்த டிராப் என்ன? ‘அந்தப் படம் டிராப்’ என்றால் பூஜையோடு நின்றுபோன படம். சரி, இந்த ஸ்டைல் கேன்சல் போலிருக்கிறது என்று புரொடக்‌ஷன் மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவரும் நூல் வாங்குவதை நிறுத்திவிட்டார். நான்கு நாள் கழித்து அதே பையர், அதே ஸ்டைலுக்கு சாம்பிள் எங்கே என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. “ஏம்ப்பா, டிராப்புன்னு நீதான சொன்ன?” என்று மேனேஜர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆடைத் தொழிலில் டிராப் என்பது ஒரு தவணை. ஒரு சீசனுக்கான சரக்கை ஒரே நாளில் கடையில் கொட்டாமல், பல தேதிகளாகப் பிரித்து இறக்குவார்கள். முதல் தவணை டிராப் 1, அடுத்தது டிராப் 2. கடைக்கு வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது கண்ணில் பட வேண்டும் என்பதுதான் கணக்கு. இதில் ரகசியமும் இல்லை, பரபரப்பும் இல்லை.

நீங்கள் கேட்கும் டிராப் இதிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்பது. அமெரிக்கப் பேச்சு வழக்கில் புது ஆல்பம் வெளியாவதை டிராப் என்பார்கள். துணி, ஷூ வியாபாரத்தில் அதற்கு ஒரு தனி அர்த்தம் வந்துவிட்டது. சரக்கு கொஞ்சம்தான் இருக்கும். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். விற்றுத் தீர்ந்தால் அதே பொருள் மறுபடி வராது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது டிராப். ஒன்று குறைந்தாலும் வேறு பெயர் சொல்ல வேண்டும்.

இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் சுப்ரீம். 1994-இல் நியூயார்க்கின் லாஃபயட் தெருவில் ஸ்கேட்போர்டு ஓட்டும் பையன்களுக்காக ஜேம்ஸ் ஜெபியா திறந்த கடை. சீசன் சரக்கை வாரா வாரம் பிரித்து விடுவார்கள். அமெரிக்காவில் வியாழக்கிழமை காலை 11 மணி என்றால் அது சுப்ரீம் நேரம். 2016-இல் தங்கள் லோகோ பொறித்த ஒரு செங்கல்லைக்கூட 30 டாலருக்கு விட்டார்கள். அதுவும் தீர்ந்தது, அப்புறம் பல மடங்கு விலைக்குக் கைமாறியது. செங்கல்லில் போய் என்ன இருக்கிறது என்று கேட்டால், பொருளைவிடக் கிடைத்தது என்பதுதான் அங்கே பெருமை. 2020-இல் விஎஃப் என்ற அமெரிக்க ஆடை நிறுவனம் சுமார் 210 கோடி டாலர் கொடுத்து சுப்ரீமை வாங்கியது; 2024-இல் சுமார் 150 கோடி டாலருக்கு எஸ்ஸிலார் லக்ஸாட்டிகா என்ற மூக்குக்கண்ணாடி நிறுவனத்திடம் விற்றுவிட்டது. அரிதாக விற்பதால் வந்த மதிப்பைப் பெரிய அளவில் பெருக்கப் போனால் கை நழுவும் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

ஷூ பக்கம் வந்தால், 2005 பிப்ரவரியில் நியூயார்க்கில் நைக்கியின் ‘பிஜன் டங்க்’ வந்ததைச் சொல்வார்கள். மொத்தமே 150 ஜோடி. குளிரில் கடை வாசலில் படுத்துக் கிடந்த கூட்டத்தைச் சமாளிக்கப் போலீஸ் வர வேண்டியிருந்தது.

இனி லிமிடெட் எடிஷன். அதில் எண்ணிக்கைக்கு மட்டும்தான் வரம்பு. 500 பேனா செய்து, ஒவ்வொன்றிலும் நம்பர் பொறித்து, இரண்டு வருடம் ஷோகேஸில் வைத்து விற்றாலும் அது லிமிடெட் எடிஷன்தான். டிராப்பில் நேரமும் சேர்ந்துகொள்கிறது.

ஃபிளாஷ் சேல், அதாவது குறிப்பிட்ட நேரத்தில் கொஞ்ச நேரம் மட்டும் நடக்கும் விற்பனை, அதோடு டிராப்பைக் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. 2014-இல் ஃபிளிப்கார்ட்டில் ஷாவ்மி ரெட்மி 1எஸ் போனுக்காக விரலை மவுஸில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். விலை 5,999 ரூபாய். 40,000 போன் சில நொடிகளில் தீர்ந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஆனால் அடுத்த வாரமும் அதே போன் விற்பனைக்கு வந்தது. அதனால் அது டிராப் ஆகாது.

கம்பெனிகளுக்கு இதில் என்ன லாபம்? தேங்கிய சரக்கு இல்லை, ஆடித் தள்ளுபடி மாதிரி விலையைக் குறைத்துத் தள்ள வேண்டியதில்லை, விளம்பரத்தை வாங்கியவர்களே செய்துவிடுகிறார்கள். தயாரிக்கும் எங்கள் பக்கம் கதை வேறு. 300 பீஸ் என்றாலும் 3,000 பீஸ் என்றாலும் கலருக்கு ஒப்புதல் வாங்க வேண்டும், சாம்பிள் தைக்க வேண்டும், பிரிண்டுக்கு ஸ்கிரீன் போட வேண்டும். அந்தச் செலவு 300 பீஸின் தலையில் விழுகிறது. சாயப்பட்டறையிலும் குறைந்தபட்சம் இத்தனை கிலோ என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குக் கீழே போனால் கிலோவுக்கு ரேட் ஏறும். டிராப்பில் வரும் டி-ஷர்ட் விலை அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், பந்தா மட்டும் இல்லை.

இன்ஸ்டாகிராமில் நம் ஊர்ப் பிள்ளைகள் நடத்தும் சின்ன பிராண்டுகளும் இப்போது டிராப் என்கிறார்கள். பாதிப் பேருக்கு நூறு பீஸ் போடத்தான் கையில் பணம் இருக்கும், அதற்கு டிராப் என்று பெயர் வைத்திருப்பார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் ‘இனி வராது’ என்று சொல்லி விற்றுவிட்டு, பத்தாம் நாள் அதே பிரிண்டை மறுபடி போட்டால் முதலில் வாங்கியவனுக்குக் கோபம் வரத்தானே செய்யும்?

தமிழில் எழுதும்போது வினைச்சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். ‘வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு டிராப்’ என்றால் யாருக்கும் புரியும். ‘எங்கள் புது ஹூடி டிராப் ஆகிவிட்டது’ என்று போட்டால், பாதிப் பேர் ஐயோ பாவம் என்பார்கள். ‘டிராப்பில் விடுகிறோம்’ என்று எழுதுங்கள், அல்லது பேசாமல் ‘வெளியிடுகிறோம்’ என்றே எழுதுங்கள். பிரைஸ் டிராப் என்பது விலைக் குறைப்பு. டிராப்ஷிப்பிங் என்பது சரக்கைக் கையில் வைக்காமல் ஆர்டரை சப்ளையருக்குத் தள்ளிவிடும் வியாபாரம். இரண்டுக்கும் இதற்கும் உறவில்லை.

தோள் தையல் கீழே இறங்கி வரும் டி-ஷர்ட்டுக்கும் எங்கள் தொழிலில் டிராப் ஷோல்டர் என்று பெயர். போன மாதம் மேனேஜரிடம் நான் சொன்னது இது: “சார், டிராப் ஷோல்டர் ஸ்டைல், டிராப் 2-லேர்ந்து டிராப்.” இந்த முறை பையரின் மெயிலைத் திறந்து காட்டு என்றார்.