நகைச்சுவை ஜோடிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஆங்கில நகைச்சுவைத் தொடர்களை ஜோடிகளுக்காகவே பார்ப்பவள் நான். 'ஆபீஸ்' ஜிம்–பாம், 'ஃபிரண்ட்ஸ்' சாண்ட்லர்–மொனிக்கா, 'ஃபிரேசியர்' நைல்ஸ்–டாஃப்னி என்று தொடங்கினால் நிறுத்தமாட்டேன். கூடப் படிப்பிப்பவர்கள் சின்னப்பிள்ளைத்தனம் என்கிறார்கள். ஜோடி சேர்ந்தால் தொடர் படுத்துவிடும், அதற்கு 'மூன்லைட்டிங் சாபம்' என்று பெயர் என்றும் ஒருவர் சொன்னார். அது உண்மையா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நண்பர்களோடு சேர்ந்து யூடியூபுக்கு ஒரு தோட்டத்து நகைச்சுவைத் தொடர் எடுக்கப்போகிறோம். ஆறு எபிசோட், ஒவ்வொன்றும் 12 நிமிடம். புதிதாக வந்த கணக்கப்பிள்ளைக்கும் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும் காதல். முதலில் மோதல், நடுவில் யாரோ சொன்னதைத் தப்பாக விளங்கிக்கொண்டு பிரிவு, ஆறாவதில் சேர்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

ச.

அன்புள்ள தங்கச்சிக்கு,

சாபக் கதையை முதலில் முடித்துவிடுவோம். 'மூன்லைட்டிங்' 1985 முதல் 1989 வரை அமெரிக்காவில் ஏபிசி தொலைக்காட்சியில் வந்தது. ஒரு துப்பறியும் நிறுவனத்தில் மேடியும் டேவிட்டும் ஓயாமல் வாய்ச்சண்டை போடுவார்கள். 1987 மார்ச் கடைசியில் வந்த எபிசோடில் இருவரும் சேர்ந்தார்கள், அதற்குப் பிறகு தொடர் சரிந்தது. இந்த இரண்டையும் மட்டும் பக்கத்தில் வைத்தால் சாபம் மாதிரித்தான் இருக்கும். இடையில் நடந்ததைப் பாருங்கள். மேடியாக நடித்த சிபில் ஷெப்பர்ட் அப்போது வயிற்றில் இரட்டைப் பிள்ளைகளோடு இருந்தார். டேவிட்டாக நடித்த புரூஸ் வில்லிஸ் 'டை ஹார்ட்' படப்பிடிப்புக்குப் போனார். அதனால் நான்காவது சீசனில் மேடியைச் சிகாகோவுக்குப் பெற்றோர் வீட்டுக்கு அனுப்பி, டேவிட்டை இங்கே தனியாக விட்டார்கள். தொடரை உருவாக்கிய கிளென் கோர்டன் கேரனும் விலகினார். 1988இல் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் வேறு. இரண்டு பேர் ஒரே அறையில் நின்று பேசுவதைக் கேட்கத்தான் மக்கள் உட்கார்ந்தார்கள். அந்த இரண்டு பேரும் ஒரே அறையில் இல்லை.

எதிர்ச்சாட்சிக்கும் குறைவில்லை. 'சியர்ஸ்' 1982இல் தொடங்கியது. சாமும் டயானும் முதல் சீசன் முடிவிலேயே முத்தமிட்டு, இரண்டாவது சீசன் முழுக்கக் காதலர்களாகவே இருந்தார்கள். சிரிப்புக் குறையவில்லை, ஏனென்றால் அதே மதுக்கடை, அதே மேசை, படித்தவள் என்ற அவளுடைய மிடுக்கு, அதைக் கண்டால் அவனுக்கு வரும் எரிச்சல் எல்லாம் அப்படியே இருந்தன. 1987இல் டயானாக நடித்த ஷெல்லி லாங் விலகிய பிறகும் தொடர் இன்னும் ஆறு சீசன் ஓடி 1993இல்தான் முடிந்தது. தமிழிலேயே பாருங்கள். நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி'யில் கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. கல்யாணம் முடிந்த இடத்திலிருந்துதான் அந்தத் தொடரே தொடங்குகிறது.

ஒரு ஜோடி நிற்பதற்கு இரண்டு தேவை. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இருவரும் தினமும் வந்து நிற்கவேண்டிய ஓர் இடம். இருவருக்கும் இடையில் மட்டும் நடக்கிற ஒரு பழக்கம். முத்தமும் கல்யாணமும் இவற்றின் மேல் வைக்கிற நாட்காட்டிச் சம்பவங்கள். நாட்காட்டி என்பதைச் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் உள்ளூர் நிலையங்களின் விளம்பரக் கட்டணத்துக்கு அடிப்படையாகப் பார்வையாளரைக் கணக்கெடுத்த முக்கிய மாதங்கள் நவம்பர், பெப்ரவரி, மே. 'ஃபிரண்ட்ஸ்' தொடரில் ராஸும் ரேச்சலும் முதலில் முத்தமிட்டது 1995 நவம்பரில். பிரிந்தது 1997 பெப்ரவரியில். சாண்ட்லரும் மொனிக்காவும் லண்டனில் ஒரே கட்டிலில் கிடந்தது 1998 மே மாதத்தில். அவர்களுடைய இரகசியம் ஃபீபிக்கும் தெரிந்து உடைந்தது 1999 பெப்ரவரியில். இனி ஒரு பழைய தொடரைப் பார்க்கும்போது ஒளிபரப்பான மாதத்தையும் பாருங்கள். காரணமில்லாமல் ஒரு சண்டை வந்து முளைக்கிற இடங்கள் பல உங்களுக்கே விளங்கும். யூடியூபுக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. ஆகவே அந்தத் திடீர்ச் சண்டைகளைக் கடன் வாங்காதீர்கள்.

லண்டன் சங்கதியில் உங்கள் ஆசிரியர் அறைக்கும் பதில் இருக்கிறது. சாண்ட்லர்–மொனிக்கா உறவை அந்த எழுத்தாளர்கள் முதலில் சின்ன ஒரு திருப்பமாகத்தான் நினைத்திருந்தார்கள். படப்பிடிப்பை நேரில் பார்க்க உட்கார்ந்திருந்த கூட்டம் போட்ட கூச்சலைக் கேட்ட பிறகுதான் அது முக்கியக் கதையானது, 2001இல் கல்யாணம் வரை போனது. ஜோடிகளுக்காகப் பார்க்கிறவர்கள் எழுதியவர்களைவிட முன்னதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்கள். யார் யாரைப் பார்க்கிறார், யார் பேசும்போது யார் வாய் மூடுகிறார் என்று எண்ணிக்கொண்டே பார்க்கிற கண் அது. தொடர் எழுதப்போகிற உங்களுக்கு அதைவிடப் பெரிய தகுதி தேவையில்லை.

தடைக்கு வருவோம். காதலைத் தாமதப்படுத்தாமல் நகைச்சுவை இல்லை, அந்தத் தாமதத்துக்குக் காரணம் வேண்டும். இதில் 'ஃபிரேசியர்' தொடரின் நைல்ஸ்–டாஃப்னியை மிஞ்ச ஆளில்லை. 1993இல், முதல் சீசனின் மூன்றாவது எபிசோடில் அவளைப் பார்க்கிறான். இருவரும் கிளம்பிப் போவது 2000 மே மாதத்தில். ஏழு சீசன் எப்படித் தாங்கியது? தடை மாறிக்கொண்டே இருந்தது. முதலில் அவனுக்கு மனைவி. அந்த மாரிஸ் கடைசிவரை திரையில் வருவதே இல்லை. பிறகு விவாகரத்து. அந்த விவாகரத்தை முடித்துக் கொடுத்த வழக்கறிஞரே டாஃப்னியைக் கல்யாணம் பேசிவிடுகிறார். விடுதலை வாங்கித் தந்தவனே அடுத்த தடை. இத்தனைக்கும் அடியில் மாறாமல் இருந்தது நைல்ஸின் குணம்: எதையும் ஒழுங்கு குலையாமல் செய்ய வேண்டும் என்கிற பயம்.

நீங்கள் சொன்ன தப்பான புரிதலை எடுத்துவிடுங்கள். "நான் அப்படிச் சொல்லவில்லை" என்ற ஒரே வசனத்தால் தீர்ந்துவிடக்கூடிய தடைக்கு இரண்டு எபிசோட் கொடுத்தால் பார்ப்பவர் பொறுமை இழப்பார், அந்த இருவரையும் மடையர்களாகவும் நினைப்பார். மூன்றாவது ஆளை வெளியிலிருந்து கொண்டுவருவதும் உதவாது. அமெரிக்க 'ஆபீஸ்' ஒன்பதாவது சீசனில் ஜிம்முக்கும் பாமுக்கும் இடையில் ஒலிவாங்கி பிடிக்கிற ஒருவரை நுழைத்தார்கள். உங்களுக்கும் அது பிடித்திருக்காது.

ஆறு எபிசோடுக்கு அமெரிக்கக் கணக்கு பொருந்தாது, ஒரு சீசனுக்கு 22, 24 எபிசோட் எழுதியவர்களின் கணக்கு அது. பிரித்தானிய 'ஆபீஸ்' மொத்தமே 14 எபிசோட். அதில் டிம்முக்கும் டோனுக்கும் உள்ளது சின்னச் சின்ன விளையாட்டுகளும் பார்வைகளும்தான். 2003 நத்தாரில் அவளைத் திரும்பி வரவைப்பது ஒரு நீண்ட பேச்சு இல்லை. ஓவியம் வரைய ஆசைப்பட்டவளுக்கு அவன் கொடுத்த வர்ணப் பெட்டி. இந்த 14ஐயும் ஒருமுறை பேனையும் கையுமாகப் பாருங்கள்.

இனி உங்கள் கணக்கப்பிள்ளை. கொழுந்து நிறுக்கிற இடம் தினமும் சந்திக்க வைக்கிற நல்ல இடம்தான். ஆனால் அவள் எடுத்த கிலோ அவனுடைய பேனாவில் இருக்கிறது. கூடைக்கும் தண்ணீருக்கும் கழிக்கிறவன் அவன். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுகிறவனும் அவன். அவன் கிலோவைக் குறைத்து எழுதி அவளைச் சீண்டினால் நம் சனத்துக்குச் சிரிப்பு வராது, வயிறுதான் எரியும். கூட்டி எழுதினால் பக்கத்து நிரையில் நிற்கிறவளுக்கு அநியாயம். நகைச்சுவை ஜோடியில் இருவரும் ஒருவரை ஒருவர் சம அளவில் தொந்தரவு பண்ணக்கூடியவர்களாக இருக்க வேண்டும்.

ஆகவே கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் பதிலாகக் காலையில் ஓடுகிற முதல் பஸ்ஸைக் கதைக்களமாக எடுத்துக்கொள்ளுங்கள். அவன் கொண்டக்டர். அவள் அட்டன் பஜாரில் ஒரு துணிக்கடையில் கல்லாவில் இருக்கிறவள், ஐந்து ரூபா பிசகினாலும் நித்திரை வராது. அவனோ பள்ளிப் பிள்ளைகளிடம் காசு குறைந்தால் தன் பையிலிருந்து போடுகிறவன், ஆகவே அவனிடம் சில்லறை நிற்பதே இல்லை. டிக்கட் 65 ரூபா என்று வைப்போம். அவள் நூறு நீட்டுகிறாள். 30 கொடுத்துவிட்டு மிச்சம் ஐந்தை டிக்கட்டின் பின்னால் எழுதிக் கொடுக்கிறான். இதுதான் பழக்கம்.

முதல் எபிசோட் ஒரு திங்கட்கிழமை. கிழமைக்கு ஆறு நாள் பயணம், இரண்டு கிழமையில் கடன் 60. மூன்றாவது எபிசோட் மூன்றாம் கிழமைத் திங்கள். அவள் நூறை நீட்டவில்லை. பன்னிரண்டு டிக்கட்டையும் அடுக்கி வைத்துக்கொண்டு, "ஒங்ககிட்ட அறுவது இருக்கு. இந்தாங்க அஞ்சு" என்கிறாள். கணக்குச் சரி. கணக்குச் சரியானதால் இருவருக்கும் பேச ஒன்றுமில்லை, இதுதான் உங்கள் பிரிவு. யாரும் யாரையும் தப்பாக விளங்கவில்லை. அவள் குணமே அவளுக்குத் தடை. நான்காவதில் அவன் பை நிறையச் சில்லறை வைத்துக்கொண்டு இல்லை என்கிறான், வளைவில் பஸ் திரும்பும்போது சில்லறை குலுங்குகிறது. ஐந்தாவதில் அவன் லீவு. வேறொரு கொண்டக்டர் 35 ரூபாவையும் ஒழுங்காகக் கொடுத்துவிட, அவளுக்குக் கோபம் வருகிறது. அன்றைக்குத்தான் ஒரு பள்ளிப் பிள்ளை காசு குறைந்து இறக்கிவிடப்படுகிறான், தன் ஐந்து ரூபாக்கள் எங்கே போயின என்று அவளுக்குத் தெரிகிறது. ஆறாவதில் அவள் சரியாக 65 கொடுக்கிறாள். மிச்சமே இல்லாத டிக்கட்டின் பின்னால் அவன் ஐந்து என்று எழுதிக் கொடுக்கிறான், அவளும் வாங்கி வைத்துக்கொள்கிறாள். காதல் என்ற சொல் ஆறு எபிசோடிலும் வரவேண்டாம். கூட இருக்கிற தோழி "நீங்க ரெண்டு பேரும்..." என்று விளக்குகிற காட்சியும் வேண்டாம்.

முறை விஷயத்தில் கவனம். கொண்டக்டர்மார் எல்லாரையும் அக்கா, அண்ணே, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருமுறை அவளைத் தங்கச்சி என்றுவிட்டால் பார்ப்பவர் மனதில் கதை அங்கேயே முடிந்துவிடும். முதல் எபிசோடில் எல்லாரையும் முறை சொல்லி முன்னுக்குப் போகச் சொல்பவன், அவளிடம் மட்டும் "டிக்கட்?" என்பதோடு நிறுத்தட்டும். பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள். உங்களைப் போன்றவர்கள் கவனிப்பார்கள், கீழே கருத்துப் பகுதியில் எழுதுவார்கள்.

12 நிமிடத்தில் ஜோடிக்கு மூன்று காட்சி போதும், ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, ஒன்றிலாவது பேச்சே இருக்கக்கூடாது. மிச்சம் ஏழரை நிமிடம் டிரைவருக்கும், மூட்டையோடு ஏறுகிற பாட்டிக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும். அவர்களுக்கும் எபிசோடுக்கு ஒரு முழுக்கதை வேண்டும், இல்லாவிட்டால் ஜோடி வரும்வரை பார்ப்பவர் ஓட்டிவிட்டுப் பார்ப்பார். டிக்கட்டில் எழுதுவதை ஒரே எபிசோடில் மூன்று தரம் காட்டாதீர்கள், பழக்கம் அலுப்பாகிவிடும். பதிவு செய்த சிரிப்பொலியும் போடவேண்டாம். 'ஃபிரண்ட்ஸ்', 'சியர்ஸ்' நடிகர்கள் எதிரே உட்கார்ந்திருந்த கூட்டம் சிரித்து அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வசனத்தைப் பேசினார்கள். காத்திராத வசனத்தின்மேல் சிரிப்பொலி விழுந்தால் அடுத்த வரி கேட்காது.

பஸ்ஸை ஓடவிட்டுப் படம் எடுக்காதீர்கள். தனியார் பஸ் ஒன்றை அரை நாளைக்கு வாடகைக்கு எடுத்து, மூடுபனி இறங்குகிற ஒரு மேட்டில் நிறுத்துங்கள். கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாக இருந்தால் ஓடாதது தெரியாது, இரண்டு பேர் வெளியே நின்று மெதுவாக ஆட்டினால் போதும். இன்ஜினை நிறுத்திவிட்டு வசனத்தைப் பதியுங்கள். இன்ஜின் சத்தத்தைத் தனியாக ஐந்து நிமிடம் பதிந்து எல்லாக் காட்சிக்கும் அடியில் போடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் சத்தம் துள்ளும். மூடுபனி நிமிடத்துக்கு நிமிடம் மாறும், ஆகவே ஒரு காட்சியை முழுதாக இரண்டு தரம் தூரத்திலிருந்து எடுத்துவிட்டு உடனே அருகில் போங்கள், அடுத்த காட்சிக்குத் தாவாதீர்கள். குளிரிலிருந்து ஆட்கள் நிறைந்த பஸ்ஸுக்குள் கமராவைக் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும். கால் மணி நேரம் முன்பே உள்ளே வைத்துவிடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை மழை தகரத்தில் அடிக்கிற சத்தத்தில் எந்த வசனமும் பிழைக்காது. தைமாதத்துக்குப் பிறகு வைத்துக்கொண்டால் நல்லது, பனி வரும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது மூன்றாவது எபிசோடிலிருந்து தொடங்குங்கள். அவள் அந்த ஐந்து ரூபாவை நீட்டுகிற காட்சி ஒன்றரை நிமிடத்துக்குள் அடங்குகிறதா என்று, இரண்டு பேரை வாசிக்கவைத்து, தொலைபேசியில் நேரம் பிடித்துப் பாருங்கள். அடங்கியதும் அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
அக்கா